பலகையில் உள்ள 10 டன் எது?

ஆரணி அரிசி செய்யாறு வழியாகக் காஞ்சிபுரம் வர, பாலாற்றைக் கடந்தாக வேண்டும். பாலங்களை நம்பியே நமது வியாபாரம் நடக்கிறது. ஒரு பாலத்தின் முன் சிவப்பு வட்டத்துக்குள் ‘10 டன்’ என்றிருந்தால், 10 டன் மூட்டை ஏற்றி வரலாம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. லாரியும் சரக்கும் சேர்ந்த எடையே அது. அச்சின் படம் போட்ட பலகை வேறு. ஓர் அச்சின் மீது இறங்கும் எடைக்கு அது வரம்பு.

2018-இல் மத்திய அரசு இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. அதனால் பழைய பாலத்தின் பலம் கூடிவிடவில்லை.

இன்று டிரைவர்கள் செல்போன் வரைபடத்தைப் பார்த்தே வருகிறார்கள். கார் போகும் வழியை அது லாரிக்கும் காட்டினால், பாலத்தருகே வண்டி திரும்ப முடியாமல் நிற்கும். கூடுதல் வாடகை நம் தலையில் விழும். யாரும் திருத்தக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் மொத்த எடைக்கும் அச்சு எடைக்கும் தனித்தனிக் குறிப்பு உண்டு. அதில் ஊகத்தை எழுதாமல், பலகையில் உள்ளதையே எழுத வேண்டும்.

ஆகவே நமது சங்கம் சுற்றுவட்டாரப் பலகைகளை நேரில் பார்த்து, படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். லாரி திரும்பக்கூடிய முந்தைய சந்திப்பிலேயே எச்சரிக்கைப் பலகை வைக்குமாறு நெடுஞ்சாலைத் துறையையும் கேட்போம். சாக்கு எடை கழித்துக் கணக்குப் பார்க்கும் நமக்கு, மொத்த எடை வேறு, நிகர எடை வேறு என்று பிறர் சொல்லித்தர வேண்டுமா?