லுவோல் டெங்கை வளர்த்தது யார்?

2024 ஜூலை 28. பாரிஸ் ஒலிம்பிக் கூடைப்பந்தில் தெற்கு சூடானின் முதல் ஆட்டம். தேசிய கீதம் ஒலிக்கத் தொடங்கிய சில நொடிகளில் வீரர்களின் முகம் மாறியது. ஒலித்தது அவர்களுடைய கீதம் அல்ல. நெடும்போருக்குப் பின் 2011-இல் எந்த நாட்டிலிருந்து பிரிந்து வந்தார்களோ, அந்தச் சூடானின் கீதம். பாட்டு பாதியில் நின்றது. அரங்கம் கைதட்டிக் காத்திருந்தது. பிறகு சரியான கீதம் ஒலித்தது. அன்று பியூர்டோ ரிகோவை 90-79 என வென்ற அந்த அணியை, தொடக்கத்தில் பயிற்சி முகாமுக்கும் விமானச் சீட்டுக்கும் தன் கைப்பணத்தைப் போட்டு உருவாக்கியவர் லுவோல் டெங். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் 15 பருவங்கள் ஆடியவர், அகதிக் குடும்பத்துப் பிள்ளை. அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ‘விடாமுயற்சியால் உயர்ந்தவர்’ என்று முடித்துவிடுகிறார்கள். அவர் உழைப்பில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அப்படி மட்டும் சொன்னால், அவர் வாழ்க்கை நமக்குக் கற்றுத்தருகிற முக்கியமான பாடம் மறைந்துபோகிறது.

அவர் நடந்து வந்த வழியைப் பாருங்கள். 1985-இல் இன்றைய தெற்கு சூடானின் வாவ் நகரில் பிறந்தார். போர் மூண்டதும் குடும்பம் எகிப்துக்குத் தப்பியது. அங்கே தெற்கு சூடானின் டிங்கா இனத்தவரும் என்.பி.ஏ. வீரருமான மனூட் போல், டெங்கின் அண்ணன்மார்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார். போல் தன் சம்பாத்தியத்தின் பெரும்பகுதியைச் சூடான் மக்களின் துயர்தீர்க்கச் செலவிட்டவர். பின்னர் டெங் குடும்பத்துக்குப் பிரிட்டன் தஞ்சம் அளித்தது. தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் ஜிம்மி ரோஜர்ஸ் என்ற பயிற்சியாளர் ‘டாப்கேட்ஸ்’ என்ற சங்கத்தை நடத்திவந்தார். பொது விளையாட்டு மையத்தில், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான சங்கம் அது. டெங் அங்கே தேறினார். 14 வயதில் நியூஜெர்சியின் பிளேர் அகாடமி அவரைச் சேர்த்துக்கொண்டது, அடுத்து டியூக் பல்கலைக்கழகம், 2004-இல் என்.பி.ஏ. வீரர் தேர்வில் 7-ஆவது இடம், சிகாகோ புல்ஸ் அணி. தஞ்சம் கொடுத்த அரசு, திறந்திருந்த உள்ளரங்கம், சங்கம் நடத்திய பயிற்சியாளர், சேர்த்துக்கொண்ட பள்ளி: இவற்றில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் அந்த உழைப்புக்கு வேலையே இருந்திருக்காது. அகதிப் பிள்ளைக்கு ஊக்கவுரையைவிட முதலில் தேவை, கையில் ஒரு தாளும் கூரையுள்ள ஓர் ஆடுகளமும்தான்.

‘அவர் 206 சென்டிமீட்டர் உயரம், தந்தை ஆல்டோ டெங் அமைச்சராக இருந்தவர், இதை எல்லா அகதிகளுக்கும் பொருத்த முடியுமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முன்னாள் அமைச்சருக்குத் தஞ்சம் கேட்கும் வழி தெரிந்திருக்கும்; எல்லைக் கிராமத்து விவசாயிக்கு அது தெரியாது. ஆனால் இந்த வேறுபாடு என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. வழி தெரிந்த குடும்பத்துப் பிள்ளை இவ்வளவு தூரம் வந்தான் என்றால், வழி தெரியாத குடும்பங்களின் எத்தனை பிள்ளைகள் முகாம் வாசலிலேயே நின்றுபோயிருப்பார்கள்? உயரம் பிறப்பிலேயே வந்தது, உண்மை. பிரிக்ஸ்டன் அரங்கு பிறப்பிலேயே வந்ததல்ல. அதை மனிதர்கள் கட்டினார்கள், மனிதர்கள் திறந்து வைத்திருந்தார்கள்.

இன்னொரு தரப்பினர், இப்படிப்பட்டவர் கிடைப்பார் என்பதால்தான் அகதிகளை ஏற்க வேண்டும் என்பார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் ஆபத்தானது. அந்தக் கணக்கில் வரவாக வைக்க டெங்கிடம் நிறைய உண்டு. 2012, 2013 இரண்டு ஆண்டுகளும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். 2012-இல் இடது மணிக்கட்டில் தசைநார் கிழிந்திருந்தும் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டு லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ஆடினார். அந்த ஒலிம்பிக்கில் பிரிட்டன் வென்றது ஒரே ஆட்டம்தான்; ஆனாலும் அடைக்கலம் தந்த நாட்டுக்கு ஒருவர் இதற்கு மேல் எப்படிக் கடன் தீர்ப்பது? இவ்வளவுக்குப் பிறகும் 2014-இல், அட்லாண்டா ஹாக்ஸ் அணியின் பொது மேலாளர் டேனி ஃபெர்ரி, வீரர்களைப் பற்றிய ஒரு தொலைபேசிக் கூட்டத்தில், டெங்கின் ஆப்பிரிக்கப் பிறப்பையே குறையாகக் காட்டும் குறிப்பொன்றை வாசித்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார், மறு ஆண்டு பதவியிலிருந்தும் விலகினார். ஆனால் அந்தச் சம்பவம் ஒன்றை வெளிச்சமாக்கிவிட்டது: தகுதியை நிரூபித்தால் மதிப்போம் என்ற தேர்வு அகதிக்கு ஒருநாளும் முடிவதில்லை. தஞ்சம் என்பது போரிலிருந்து தப்பி வந்த உயிருக்கு உரிய உரிமை. பந்தைக் கூடைக்குள் போடத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் அது ஒன்றுதான்.

‘எல்லாரையும் எந்த நாட்டால் தாங்க முடியும்?’ என்ற கேள்வியும் உண்டு. செலவு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உள்ளே வந்துவிட்ட பிள்ளையை ஆடுகளமும் பள்ளியும் இன்றி ஆண்டுக்கணக்கில் காக்க வைப்பதும் செலவுதான். அது பின்னால் வேறு தலைப்பில் எழுதப்படும், அவ்வளவே. டெங்குக்கு இது நன்றாகத் தெரியும் என்பதற்கு அவர் கட்டிய அணியே சான்று. வென்யன் கேப்ரியல் கைக்குழந்தையாக சூடானை விட்டு வந்தவர். நூனி ஓமோட் கென்ய அகதி முகாமில் பிறந்தவர். பாரிஸுக்குச் சில நாள் முன்பு லண்டனில் நடந்த பயிற்சி ஆட்டத்தில், இவர்கள் ஆடிய அணி அமெரிக்காவிடம் 101-100 என்று ஒரே புள்ளியில்தான் தோற்றது. அப்போது தெற்கு சூடானில் ஓர் உள்ளரங்கக் கூடைப்பந்துக் களம்கூட இல்லை. அந்த அணியின் இளையவர் காமன் மலுவாச், உகாண்டாவில் அகதியாக வளர்ந்த 17 வயதுப் பையன். ஆப்பிரிக்காவில் என்.பி.ஏ. நடத்தும் பயிற்சிப் பள்ளி அவரை எடுத்துக்கொண்டது, பின்னர் டெங் படித்த அதே டியூக் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. 2025 ஜூனில் நடந்த என்.பி.ஏ. வீரர் தேர்வில் 10-ஆவதாக அவர் பெயர் வாசிக்கப்பட்டது.