தரவரிசையும் நாங்களும்

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் ஊரில் கேட்கப்படும் முதற் கேள்வி ‘தேறிவிட்டாயா?’ என்பதன்று, ‘எத்தனை மார்க்?’ என்பதே. அதற்கு விடை சொல்லி முடிப்பதற்குள் ‘எதிர் வீட்டுப் பெண் எத்தனை?’ என்று அடுத்த கேள்வி வந்துவிடும். தரவரிசை அரசாங்கம் கண்டுபிடித்த பொருளன்று, நம் வீட்டுத் திண்ணையில் பிறந்ததுதான் என்று நாங்கள் எழுதினால் பெற்றோர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறோம்.

முன்பெல்லாம் மாநில அளவில் முதல் இடங்களைப் பெற்ற மாணவ மாணவியரின் பெயர்களைக் கல்வித்துறையே அறிவித்து வந்தது. மறுநாள் நாளிதழ்களில் தாய் மகளுக்கு இனிப்பு ஊட்டும் படம் வரும். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில், அப்போது பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்த திரு. கே. ஏ. செங்கோட்டையன் அவர்கள் அவ்வழக்கம் கைவிடப்படுகிறது என்று அறிவித்தார். நல்ல முடிவு என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் நின்றது அறிவிப்பு மட்டுமே, வரிசை நிற்கவில்லை. அது செய்தித்தாளை விட்டுக் கலந்தாய்வுப் பட்டியலுக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவே.

பொறியியல் சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்கு இதில் அரை மதிப்பெண் ஒரு படி. ஆக, பூஜ்யத்திலிருந்து 200 வரை சுமார் 400 படிகள். இந்த ஏணியில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் நிற்க வேண்டும் என்றால், சராசரியாக ஒரு படிக்கு 500 பேர்! அரை மதிப்பெண் குறைந்தால் ஓர் இடம் மட்டும் பின்னே போவதில்லை. ஒரு பள்ளிக்கூடமே நம்மைத் தாண்டிச் செல்கிறது. ஒரே படியில் நிற்பவர்களைப் பிரிக்கக் கணிதத்தில் யாருக்குக் கூடுதல், இயற்பியலில் யாருக்குக் கூடுதல் என்று அடுத்தடுத்துப் பார்க்கிறார்கள். எதிலும் பிரியாதவர்களுக்குக் கடைசியில் ரேண்டம் எண். இத்தனை ஆண்டுப் படிப்புக்குப் பிறகு குலுக்கல்! இதைக் கேட்டு எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் சிரிக்கவில்லை.

இந்த எண்கள் கல்லில் வெட்டியவை அல்ல என்பதையும் பார்க்கிறோம். 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது; கிராமத்துப் பிள்ளைகள் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட இயலாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீக்கப்பட்டது. 2021-இல் பெருந்தொற்றினால் பிளஸ் டூ தேர்வே நடைபெறவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூவிலிருந்து 30 என்று கூட்டிப் போட்டார்கள். பத்தாம் வகுப்பில் அலட்சியமாக இருந்த அக்காமார்களுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது.

மேற்சொன்ன 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. மாநில வாரியத்தில் ஒரு பாடத்தின் உச்ச மதிப்பெண் 100, மற்றொரு வாரியத்தில் அதே பாடத்தின் உச்சம் 90 என்றால், அந்த வாரியத்தில் 60 வாங்கியவருக்கு 66.67 என்று கணக்கிட வேண்டும். அதாவது, எங்கே வாங்கிய மதிப்பெண் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது நியாயமன்று எனச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. வாரியத்துக்கு வாரியம் இதைப் பார்க்கலாம் என்றால், வீட்டுக்கு வீடு ஏன் பார்க்கக் கூடாது?

எங்கள் மாவட்டத்தையே பாருங்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடியும் இருக்கிறது, பள்ளிப்பட்டும் இருக்கிறது, கும்மிடிப்பூண்டியும் இருக்கிறது. 2022-இல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபோது எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் உள்ளே நுழையும் வழி நீட் தேர்வு. அதற்கான பயிற்சிக்கு எங்கள் பக்கத்திலிருந்து பலரும் சென்னைக்குத்தான் மின்சார ரயில் ஏறுகிறார்கள். ரயிலைவிடக் கட்டணம் தூரம். 2017-இல் பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கிய அரியலூர் மாவட்டத்து அனிதா அக்காவுக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் அவர் உயிரிழந்த செய்தியை நாடே அறியும்.

அதன் பிறகு 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. தேவையான சட்டம். இங்கேதான் எங்கள் சங்கடம் தொடங்குகிறது. எங்கள் பள்ளி அரசு உதவி பெறும் பள்ளி. எங்களுக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. சிப்காட்டில் ஒரே ஆலையில் ஒரே ஷிப்டில் ஒப்பந்தத் தொழிலாளராக இருக்கும் இரு தந்தையரை எங்களுக்குத் தெரியும். ஒருவர் மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். மற்றவர் மகள் எங்களோடு படிக்கிறாள். வீடும் ஒரே தெரு, கூலியும் ஒன்று. இருவரும் ஒரே கட்-ஆஃப் வாங்கினாலும் அவர்களுக்குத் திறக்கும் கதவுகள் வேறு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் அரசுப் பள்ளிக்கு மாறிவிடலாமா என்று சிலர் வீட்டில் யோசிக்கிறார்கள். மாறிப் பயனில்லை, ஆறாம் வகுப்பு முதலே அங்கே படித்திருக்க வேண்டும். பதினோரு வயதில், ‘சிஸ்டர்மார் பள்ளி, பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பு’ என்று அப்பா எடுத்த முடிவு பதினெட்டு வயதில் தரவரிசையில் வந்து நிற்கிறது.

தோழியின் பங்கிலிருந்து பிடுங்கி எங்களுக்குக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவள் பள்ளியில் ஆய்வுக்கூடம் எப்படி இருக்கிறது என்பதை அவளிடமே கேட்டிருக்கிறோம். நாங்கள் கேட்பது வேறு. தாசில்தார் அலுவலகத்தில் ‘முதல் தலைமுறைப் பட்டதாரி’ என்று ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதைக் காட்டினால் தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. சேர்ந்த பிறகு கட்டணத்துக்கு உதவும் அந்தத் தாள், சேர்வதற்கு முன் தரவரிசையிலும் சற்று உதவினால் என்ன? பள்ளியின் பெயர்ப் பலகையைப் பார்ப்பதைவிட வீட்டைப் பார்ப்பது சரியல்லவா? 2022-இல் அரசுப் பள்ளி மாணவியர்க்கென்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், 2024-இல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆகவே இதுவும் நடக்காத காரியமன்று.

மதிப்பெண்ணைத் திருத்தி எடைபோடுவதில் ஆபத்தும் உண்டு என்பதைக் கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. இங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பெரியவர்களிடம் ‘தரப்படுத்தல்’ என்று சொல்லிப் பாருங்கள். 1971-இல் இலங்கையில் அது வந்தபோது, தமிழில் தேர்வு எழுதியவர்கள் சிங்களத்தில் எழுதியவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கினால்தான் மருத்துவம், பொறியியல் கிடைக்கும் என்றாயிற்று. மொழியைப் பார்த்துச் செய்த கணக்கு அது. அதன் காயம் ஆழமானது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்று அங்கே இசட் புள்ளி முறையில் 40 சதவீத இடங்கள் நாடு தழுவிய தகுதிக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மாவட்டக் கணக்கு இழப்பாயிற்று. முல்லைத்தீவு, மன்னார்ப் பிள்ளைகளுக்கோ அதுவே வழியும் ஆயிற்று. நம்மிடம் மாவட்டக் கணக்குச் செல்லாது என்றே நினைக்கிறோம். ஆவடிக்கும் பள்ளிப்பட்டுக்கும் ஒரே கோல் வைத்தால், லாபம் ஆவடிக்கே.

அரசாங்கம் எங்கள் ஆண்டு மலரைப் படிக்குமோ படிக்காதோ! படிப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். பெற்றோர்களே, மே மாதத்தில் எங்கள் முடிவு வரும்போது எதிர் வீட்டுக் கேள்வியை ஒரு நாளாவது தள்ளிப் போடுங்கள். அருட்சகோதரியரே, பரிசளிப்பு விழாவில் முதல் மூன்று ரேங்குக்குப் பரிசு கொடுக்கிறீர்கள், கொடுங்கள். அத்தோடு, காலாண்டுத் தேர்வுக்கும் முழு ஆண்டுத் தேர்வுக்கும் இடையே வகுப்பில் அதிகம் ஏறி வந்தவள் யார் என்று பார்த்து, அவளுக்கும் ஒரு பரிசு வையுங்கள். 35-இலிருந்து 61-க்கு வந்த ஒருத்தி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இதுவரை மேடைக்கு அவள் நாற்காலி தூக்கிப் போடத்தான் வந்திருக்கிறாள்.