ஒற்றைப் படம் சாட்சியாகாது

வடிவ நினைவு உலோகக்கலவைகள் பற்றிய ஆய்வேடுகளில் ஒரு தவறான வழக்கம் வேரூன்றிவிட்டது. ஊடுருவு மின்னணு நுண்ணோக்கியில் மார்ட்டென்சைட் பட்டைகள் தெரியும் படம் ஒன்றை ஒட்டிவிட்டு, கீழே ‘நிலைமாற்றம் உறுதிசெய்யப்பட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். நெறியாளரும் கேட்பதில்லை; தேர்வாளரும் கேட்பதில்லை.

அப்படம் சொல்வது மிகக் குறைவு. அந்த வெப்பநிலையில், அந்த மெல்லேட்டில், அந்தக் கட்டமைப்பு இருந்தது, அவ்வளவே. மாற்றம் எந்த வெப்பநிலையில் தொடங்கியது, எதில் முடிந்தது, சூடாக்கியபோது மீண்டதா என்பவற்றுக்கு அதில் விடையில்லை.

மெல்லேடும் நடுநிலையான சாட்சியன்று. கற்றை ஊடுருவ, அதன் தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். முழு உலோகத்தில் ஒவ்வொரு படிகமணியும் அண்டை மணிகளின் நெருக்கத்துக்குள் உருமாறுகிறது. மெல்லேட்டில் அந்த நெருக்கம் இருபுறமும் நீங்கிவிடுவதால் மாற்ற வெப்பநிலையே நகரலாம். அயனிகளால் மெலிக்கும்போது மேற்பரப்பு சிதையலாம். கற்றையே மாதிரியைச் சூடாக்கலாம்.

நிக்கல்-டைட்டேனியத்தின் வரலாறே இதற்கு எச்சரிக்கை. அதன் மின்னணு விளிம்புவிளைவுப் படங்களில், முதன்மைப் புள்ளிகளுக்கிடையே மூன்றிலொரு பங்கு தொலைவில் தோன்றிய கூடுதல் புள்ளிகள் நெடுங்காலம் மார்ட்டென்சைட்டின் முன்னறிகுறி என்றே கருதப்பட்டன. மின்தடையும் வெப்ப அளவீடும் எக்ஸ்-கதிரும் அவற்றோடு சேர்த்து ஆராயப்பட்ட பின்னரே, 1980களில், அது ஆர்-நிலை எனும் தனி நிலைமாற்றம் என்பது நிலைபெற்றது.

இது வெறும் ஏட்டுப் பிணக்கன்று. செம்பூரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையம் தேஜஸ் விமானத்தின் குழாய்களை இணைக்க நிக்கல்-டைட்டேனிய வகைக் கலவையில் உறைகளை உருவாக்கியது. இத்தகைய உறையைக் கடுங்குளிரில் விரித்துக் குழாயில் பொருத்துவர். அறை வெப்பத்துக்கு மீளும்போது அது சுருங்கி இறுகும். உயரத்தில் பறக்கும் விமானத்தின் குளிரில் அது மீண்டும் மார்ட்டென்சைட்டாக மாறினால் பிடி தளரும். எனவே மாற்ற வெப்பநிலை அக்குளிருக்கும் மிகக் கீழே இருந்தாக வேண்டும். இரும்பு சேர்ப்பது அதற்கே. எவ்வளவு கீழே என்பதை அறைவெப்பத்தில் எடுத்த ஒற்றைப் படத்தால் எவர் சொல்ல இயலும்?

கருவி நேரம் கிடைப்பதில்லை என்பார்கள். உண்மைதான், மாட்டுங்காவில் பயிலும் மாணவரும் பொதுக் கருவிக்கு வரிசையில் காத்திருக்கத்தான் வேண்டும். ஆயினும் வெப்ப அளவீடும் மின்தடை அளவீடும் அதனினும் எளியவை, மலிவானவை. அவற்றை முதலில் முடித்து, மாற்ற வெப்பநிலைகளை அறிந்து, குளிரூட்டும் தாங்கியுடன் நுண்ணோக்கிக்குச் செல்வதே முறை. கிடைக்கும் சில மணி நேரமும் அப்போதுதான் பயன்படும்.

அளவீட்டு வளைகோடு இல்லாமல் படம் மட்டும் வரும் ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருப்பி அனுப்பட்டும். மாணவருக்குச் சில மாதங்கள் வீணாகும். உறையை நம்பிப் பறப்பவருக்கு அதனினும் பெரியது மிஞ்சும்.