பலகைத் தரைக்குக் காற்று வேண்டும்



சென்ற மாதம் ஜெராம் பக்கம் ஒரு பழைய பலகை வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்ட வேலையில் ஓய்வு பெற்ற பாட்டியம்மாள் ஒருவர் அங்கே மகனோடு இருக்கிறார். விடியற்காலையில் விளக்கேற்ற எழுந்தவரின் கால், சாமி மேடைக்கு முன்னால் பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டதாம். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை.

“தரை பளபளவென்றுதானே இருந்தது!” என்று மருமகள் கண் கலங்கினார். பளபளத்தது பலகையா? இல்லை, மேலே போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பு! தீபாவளிக்குத் தீபாவளி பழையதன்மேல் புதியதாகப் போட்டு, மூன்று அடுக்கு சேர்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தால் பலகை கறுத்துப்போய், புட்டு மாதிரி உதிர்ந்தது.

காப்பாரிலிருந்து கோலசிலாங்கூர் வரை நமது கடலோர நிலம் தாழ்ந்த களிமண். மழைத் தண்ணீர் லேசில் வடியாது. மண்ணின் ஈரம் மேலே எழும்பிக்கொண்டே இருக்கும். வீட்டைக் கால்மேல் தூக்கிக் கட்டியதே, அடியில் காற்று ஓடி அந்த ஈரத்தை அடித்துக்கொண்டு போகத்தான். நாமோ அடியில் விறகை அடுக்கி, கோழிக்கூண்டை வைத்து, சுற்றிலும் தகரத்தால் அடைத்து விடுகிறோம். மேலே பிளாஸ்டிக், கீழே அடைப்பு. பாவம், பலகை எப்படி உலரும்? மரத்திலுள்ள ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சணம் அதை அரிக்காது. அதைத் தாண்டினால்தான் ஆபத்து.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் விரிப்பை எடுத்துவிட்டு, திருப்புளியால் பலகையை ஆங்காங்கே குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கும் இடம் கெட்ட இடம். குளியலறை ஓரத்தையும், பீலி ஒழுகும் மூலையையும் கட்டாயம் பாருங்கள். ஒழுகலை அடைக்காமல் பலகையை மாற்றுவது வீண் செலவு.

அடுத்து, வீட்டின் அடியைக் காலி செய்யுங்கள். தூணில் மண் கோடுபோல் ஏறியிருந்தால் அது கரையான் வழி. தண்ணீர் தேங்காதபடி வாய்க்கால் வெட்டுங்கள். பிறகு மண்ணின்மேல் கனமான பிளாஸ்டிக் தாளை, ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறும்படி விரித்துக் கல் வையுங்கள். பிளாஸ்டிக்குக்கு உரிய இடம் மண், பலகை அல்ல.

கெட்ட பலகையை, நல்ல பகுதி தொடங்கும் இடத்துக்கு அப்பாலுள்ள அடிச்சட்டம் வரை அறுத்தெடுங்கள். சட்டத்தின் நடுவில் அறுத்தால்தான் புதுப் பலகை உட்கார இடமிருக்கும். சட்டமே மெத்தென்றிருந்தால் தச்சரைக் கூப்பிடுங்கள். புதுப் பலகை நன்கு உலர்ந்ததாக இருக்கட்டும். அறுத்த முனைகளுக்கும் மரக்காப்பு மருந்து தடவி, துத்தநாகம் பூசிய ஆணி அடியுங்கள். சிலர் லாரியில் வடித்த கழிவெண்ணெயைப் பூசுகிறார்கள். பிள்ளைகள் தவழும் வீட்டில் அது கூடவே கூடாது.

குளிர் நாடுகளில் சூடு வெளியேறாதிருக்கத் தரைக்கடியில் பஞ்சு அடைப்பார்கள். நமக்கு அது வேண்டாம். பஞ்சு ஈரத்தைக் குடித்துப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். குளிர்சாதனம் பொருத்திய அறையில் விரிப்பே போடாதீர்கள். தரை குளிர்ந்து, அடியிலிருந்து வரும் ஈரக்காற்று பலகையில் வேர்க்கும். வெள்ளிக்கிழமை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கத்தையும் விடுங்கள். பிழிந்த துணியே போதும். பாய் விரித்தால் காலையில் சுருட்டி வையுங்கள்.

வெள்ளம் புகுந்த வீடானால் அவசரப்பட்டு மூடாதீர்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சேற்றைக் கழுவி, கதவு சன்னல்களைத் திறந்து, பலகை நன்றாகக் காய்ந்த பிறகே ஆணி அடியுங்கள்.

இன்னொன்று. நீங்கள் இருப்பது தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடா? அப்படியானால் அதைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை. தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பழுதை எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். கவனிக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவை நாடலாம். பலகைக்காகக் கடன் வாங்குமுன் இதை நினைத்துப் பாருங்கள்.

அந்த வீடு அவர்களுடைய சொந்த வீடு. இந்தத் தீபாவளிக்கு விரிப்பு வாங்கும் பணத்தில் பலகை வாங்கப் போவதாக மருமகள் சொன்னார். பாட்டியம்மாளும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். உங்கள் வீட்டு விரிப்பையும் இன்றே ஒரு மூலையில் தூக்கிப் பாருங்களேன்!