நெற்றிக்கண் வில்லனும் நக்கீரர் தைரியமும்



சூப்பர் ஹீரோ கதைகளில் உங்களை ரொம்பப் பயமுறுத்திய வில்லன் யார்? மலை மாதிரி உடம்பு உள்ளவன், கையிலிருந்து நெருப்பு விடுகிறவன், ஒரு கிரகத்தையே உடைக்கிறவன் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்வீங்க. என் கருத்து வேற. அடிக்கிற வில்லனை விட, நம்ம மனசுக்குள்ள புகுந்துடற வில்லன்தான் ஆபத்தானவன். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நின்னு படிங்க. (அடுத்த பீரியடு மணி அடிக்கிறதுக்குள்ள முடிச்சிடலாம்!)

யார் இந்த டெஸ்பரோ?

அமெரிக்காவின் டி.சி. காமிக்ஸ் 1960-ல் 'ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா' என்ற பத்திரிகையை ஆரம்பித்தது. அதன் முதல் இதழிலேயே வந்த வில்லன்தான் டெஸ்பரோ. கதை கார்டனர் ஃபாக்ஸ், படம் மைக் செக்கோவ்ஸ்கி. காலனார் என்ற வேற்றுக்கிரகத்தை ஆட்டிப்படைக்கும் சர்வாதிகாரி இவன். தலையில் மீன் துடுப்பு மாதிரி ஒன்று, நெற்றியில் மூன்றாவது கண். அந்தக் கண்ணால் பார்த்தால் போதும், எதிரில் நிற்பவர் அவன் சொன்னபடி ஆடுவார்.

அந்த இதழின் அட்டைப்படத்தைப் பார்க்கணும். செஸ் போர்டு மாதிரி ஒரு பலகை. ஒரு பக்கம் டெஸ்பரோ, எதிரே ஃப்ளாஷ். பலகையில் நிற்கிற காய்கள் யார் தெரியுமா? ஃப்ளாஷோட சொந்த நண்பர்கள்! எனக்கு அந்த ஒரு படமே போதும். மனிதர்களைக் காயாக்கி நகர்த்துவதுதான் இந்த மாதிரி வில்லனுடைய ஆசை.

யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் அடிச்சா வலிக்கும். வலிச்சா இவன் எதிரின்னு தெரிஞ்சுடும், திருப்பி அடிக்கலாம் அல்லது ஓடலாம். ஆனா மனசுக்குள்ள புகுந்தவன் தன்னோட நினைப்பை நம்ம நினைப்பா மாத்திடறான். அப்புறம் எதிரி யாருன்னே தெரியாது. 'நானாத்தான் செய்யறேன்' என்று சந்தோஷமா அவனுக்கு வேலை பார்ப்போம்.

சக்தியில் தப்பில்லை

'அப்படின்னா மனசைப் படிக்கிறவன் எல்லாம் வில்லனா?' என்று கேட்பீங்க. இல்லவே இல்லை. அதே ஜஸ்டிஸ் லீக்கில் மார்ஷியன் மேன்ஹன்டர் இருக்கிறார். 1955-ல் அறிமுகமானவர், செவ்வாய்க் கிரகத்துக்காரர். அவரும் வேற்றுக்கிரகவாசிதான், அவருக்கும் மனசைப் படிக்கிற சக்தி உண்டு. ஆனா அவர் ஹீரோ!

நம்ம தமிழ் காமிக்ஸில் மாண்ட்ரேக் இல்லையா? சிவகாசியில் 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸை அப்பா, பெரியப்பாக்களிடம் கேளுங்க, இரும்புக்கை மாயாவியோடு மாண்ட்ரேக் பெயரையும் சேர்த்துச் சொல்வாங்க. மாண்ட்ரேக் கையசைத்தால் எதிரிக்கு இல்லாதது எல்லாம் இருப்பதாகத் தெரியும். ஆனால் மாறுவது கண்ணுக்குத் தெரியும் காட்சி மட்டும்தான். வசியம் கலைந்ததும் எதிரி பழையபடி அவனாகவே இருப்பான்.

1963-ல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'கலை அரசி' படத்தில் வேற்றுக்கிரகத்திலிருந்து நம்பியார் வருவார். எதுக்குத் தெரியுமா? தங்கள் கிரகத்தில் இசை இல்லை என்று பாட்டுக் கற்றுக்கொடுக்க பானுமதியைக் கடத்த! கடத்தியது தப்புதான். ஆனா ஆளைத் தூக்கிட்டுப் போனாலும், அந்த ஆள் மனசு வைத்தால்தானே பாட்டு வரும்? மனசை மட்டும் கேட்டுத்தான் வாங்கணும். டெஸ்பரோ கேட்கவே மாட்டான். அவன் வில்லனானது இதனால்தான்.

நம்ம ஊரிலும் உண்டு

மூன்றாவது கண் இல்லாத டெஸ்பரோக்கள் நம்மைச் சுற்றியும் இருக்காங்க. பத்தாவது ரிசல்ட் வந்ததும் நெய்வேலியில் எந்த பிளாக்குக்குப் போனாலும் ஒரே கேள்வி: 'எந்த குரூப்? கம்ப்யூட்டர் சயின்ஸா, பயாலஜியா?' வரலாறு எடுக்கப் போறேன்னு சொன்னா, 'ஏம்மா, மார்க் குறைஞ்சுடுச்சா?' என்று பரிதாபமாப் பார்ப்பாங்க. அழகாப் படம் வரையற தோழி ஒருத்தி, 'எனக்கு இன்ஜினியரிங்தான் பிடிக்கும்' என்றாள். ஏன்னு கேட்டேன். 'எல்லாரும் அதைத்தானே எடுக்கிறாங்க' என்றாள். இன்ஜினியரிங் நல்ல படிப்பு. இந்த ஊருக்கு சுரங்கமும் மின்சாரமும் வந்ததே அதனால்தான். ஆனா 'எனக்குப் பிடிக்கும்' என்பதும் 'எல்லாரும் எடுக்கிறாங்க' என்பதும் ஒண்ணா?

இன்னொன்று: 'அவன்கூடப் பேசாதே!' ஒருத்தர் சொன்னால் ஒரு கூட்டமே ஒருத்தனிடம் பேச்சை நிறுத்திவிடும். ஏன் பேசலைன்னு தனித்தனியாக் கேட்டுப் பாருங்க, ஒருத்தருக்கும் காரணம் தெரியாது. 2003-ல் வந்த 'ஜஸ்டிஸ் லீக்' கார்ட்டூனில் டெஸ்பரோவே அப்படி ஊரால் ஒதுக்கப்பட்டவன்தான். நெற்றிக்கண்ணோடு பிறந்ததுதான் அவன் செய்த குற்றம். ஒதுக்கப்பட்டவன் பின்னால் எல்லார் மனசையும் பிடிக்கப் புறப்பட்டான். அவன் செய்தது சரியில்லை. ஆனா ஒரு வில்லனை உருவாக்குவதில் ஊருக்கும் பங்கு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

பம்பை நிறுத்தாதீங்க!

சரி, தப்பிக்க என்ன வழி? நம்ம சுரங்கத்தையே பார்ப்போம். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரிய நீரூற்று இருக்கிறது. அந்தத் தண்ணீர் சும்மா இல்லை, மேல் நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் இரவு பகல் பார்க்காமல் பம்ப் போட்டுத் தண்ணீரை இறைக்கிறாங்க. நிறுத்தினால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும்.

ஊர் நினைப்பும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாமல் அடியிலிருந்து அழுத்தும். அதை இறைக்கிற பம்புதான் கேள்வி. 'இது என் நினைப்பா? எப்போ, யார் சொல்லி வந்தது?' என்று நம்மை நாமே கேட்டுக்கிட்டே இருக்கணும்.

'அப்படின்னா அப்பா அம்மா, டீச்சர் சொல்றதைக் கேட்க வேண்டாமா?' கட்டாயம் கேட்கணும்! ஆனா அவங்க காரணம் சொல்றாங்க, நாம திருப்பிக் கேட்கலாம், பதில் வரும். காரணம் கேட்டாலே 'வாயை மூடு' என்று சொன்னால்தான் அங்கே டெஸ்பரோ நிற்கிறான் என்று அர்த்தம்.

நம்ம சூப்பர் ஹீரோ

நெற்றிக்கண் முன்னால் நின்ற ஒருத்தர் நம்ம ஊரிலேயே இருக்கிறாரே! திருவிளையாடல் கதையில், தருமி பொற்கிழிக்காகக் கொண்டு வந்த பாட்டில் குற்றம் சொன்னார் நக்கீரர். (அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவது பாடலாக இருக்கிறது.) எழுதியவர் இறைவனே என்று தெரிந்தும், நெற்றிக்கண் திறந்தும், அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார்.

இதில் நாம் கவனிக்காமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. சிவபெருமான் நினைத்திருந்தால் நக்கீரரின் மனசையே ஒரு நொடியில் மாற்றியிருக்கலாமே! மாற்றவில்லை. உடம்பு சுட்டதே தவிர, மனசை நக்கீரரிடமே விட்டுவிட்டார். பிறகு அவரைக் கரையேற்றி அருளும் செய்தார். கடவுளே தொடாமல் விட்ட இடம் அது. அங்கே டெஸ்பரோவுக்கு என்ன வேலை? 'எல்லாரும் சொல்றாங்க' என்பதற்குத்தான் என்ன வேலை?

இது என் கருத்து. நீங்க இதை அப்படியே ஒத்துக்கிட்டா நானும் ஒரு டெஸ்பரோ ஆயிடுவேன்! அதனால் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். மறுத்துச் சொல்ல விரும்பறவங்க பென்சிலால் எழுதுங்க. காரணத்தோடு எழுதுங்க!

— 11-ம் வகுப்பு மாணவி