‘மொன்ஸ்ட்ரஸ்’: ஓர் அடைமொழியின் அரசியல்

கொடுஞ்செயல்களைச் சுட்டுவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் அடைமொழிகளுள் ‘மொன்ஸ்ட்ரஸ்’ என்பது தனியிடம் பெற்றது. அரசியல்வாதிகளும் பத்திரிகை ஆசிரியர்களும் தமது கண்டனத்தின் உச்சத்தைப் புலப்படுத்த விரும்பும்போது இச்சொல்லை நாடுகின்றனர். தமிழில் இதனை ‘அரக்கத்தனமான’ எனப் பெயர்ப்பர். இதனினும் கடுமையான கண்டனம் இருத்தல் இயலாது என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் மறுக்கப்பட வேண்டியது. இச்சொல் செயலைக் கண்டிக்கும் அதேவேளையில், அச்செயலைத் தோற்றுவித்த அமைப்பினைக் குற்றக்கூண்டிலிருந்து இறக்கிவிடுகின்றது.

சொல்லின் வரலாறே இதற்குச் சான்று. இலத்தீனில் ‘மொன்ஸ்த்ரும்’ என்பது தெய்வங்களின் எச்சரிக்கையாகக் கொள்ளப்பட்ட தீநிமித்தத்தைக் குறித்தது. எச்சரித்தல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்த இச்சொல், உருத்திரிந்து பிறந்த உயிர்களையும் குறிக்கலாயிற்று. இயற்கையின் ஒழுங்கிற்குப் புறம்பானது என்பதே அதன் அடிப்படைப் பொருள். ஆங்கிலத்தில் அது பேருருவையும் பெருங்கொடுமையையும் குறித்தது. ஒருகாலத்தில் உயர்குடியினரின் பேச்சில் ‘மிகவும்’ என்ற அளவுக்கும் தேய்ந்தது. ஜேன் ஒஸ்ரினின் 1811 ஆம் ஆண்டு நாவலிலே பாத்திரங்கள் தமது மகிழ்ச்சியை மிகைப்படுத்தவும் இச்சொல்லைக் கையாளுகின்றன. ஆயினும், கொடுமையைச் சுட்டும்போது ‘புறம்பானது’ என்ற பழம்பொருள் அதனை விட்டு நீங்குவதில்லை. அரசியலில் இச்சொல் பயன்படுவது அப்பொருளினாலேயே.

1919 ஏப்பிரல் 13 ஆந் திகதி அமிர்தசரசில், ஜாலியன்வாலாபாக் என்னும் மதில் சூழ்ந்த திடலிற் கூடியிருந்த மக்கள்மீது ஜெனரல் டயரின் கட்டளைப்படி படையினர் சுட்டனர். கலைந்து செல்லுமாறு எச்சரிக்கை விடப்படவில்லை. ஏறத்தாழப் பத்து நிமிடங்களில் 1,650 ரவைகள் தீர்க்கப்பட்டன. இறந்தோர் 379 பேர் என்பது அரச கணக்கு. ஏறத்தாழ ஆயிரம் பேர் என்பது காங்கிரஸ் விசாரணையின் மதிப்பீடு. 1920 யூலை 8 ஆந் திகதி இது பற்றிய விவாதம் பிரித்தானியப் பாராளுமன்றத்திலே நிகழ்ந்தபோது, போர் அமைச்சராக இருந்த வின்ஸ்ரன் சேர்ச்சில் இதனை ‘மொன்ஸ்ட்ரஸ்’ என வருணித்தார். அவ்வுரையிலேயே, பிரித்தானியப் பேரரசின் நவீன வரலாற்றில் இதற்கு முன்னுதாரணமோ இணையோ இல்லை என்றும், இது தன்னந்தனியே நிற்கும் நிகழ்ச்சி என்றும் கூறினார்.

அடைமொழியும் இவ்வாதமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் காண்க. நிகழ்ச்சி இயற்கைக்குப் புறம்பானதாயின், பேரரசின் இயல்பு நல்லது என்பது பெறப்படுகின்றது. உண்மை வேறு. 1872 ஆம் ஆண்டில் அதே பஞ்சாபின் மலேர்கொட்லாவில், குக்கா இயக்கத்தைச் சேர்ந்த அறுபதுக்கும் மேற்பட்டோர் முறையான விசாரணையின்றிப் பீரங்கி வாயிற் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர். அமிர்தசரசிற் சூடு நடந்த மறுநாள் குஜ்ரன்வாலாவில் விமானங்களிலிருந்து குண்டுகள் வீசப்பட்டன. 1915 ஆம் ஆண்டின் கலவரத்தையொட்டி இலங்கையில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, விசாரணையின்றிச் சுட்டுக்கொல்லப்பட்டோர் பலர். இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி ஹென்றி பேதிரிஸ் அவ்வாண்டு யூலை 7 ஆந் திகதி சுடப்பட்டார். அமிர்தசரசுக்கு நான்கு ஆண்டுகளே முற்பட்ட இச்செய்தி இலண்டன் அறியாததன்று. பொன்னம்பலம் இராமநாதன் இது பற்றி எழுதிய நூல் 1916 ஆம் ஆண்டில் அங்கேயே வெளியாயிற்று.

சேர்ச்சிலின் சொல்லுக்கு ஒரு நியாயம் கூறப்படுவதுண்டு. பிரபுக்கள் சபை 129 க்கு 86 என்ற வாக்குகளால் டயருக்குச் சார்பாகத் தீர்மானம் நிறைவேற்றிய காலம் அது. ‘மோர்னிங் போஸ்ட்’ பத்திரிகை அவருக்கென இருபத்தாறாயிரம் பவுண் திரட்டிக் கொடுத்த காலம். அத்தகையோர் நடுவே சேர்ச்சில் கண்டித்துப் பேசியமை சிறிதன்று. ஆயின் அக்கண்டனத்தின் விளைவு யாது? டயர் பதவி இழந்தார். வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. அவர் செயலை அங்கீகரித்த ஆளுநர் ஓட்வயருக்குத் தண்டனை இல்லை. 2013 பெப்ரவரியில் அத்திடலுக்குச் சென்ற பிரதமர் டேவிட் கமரூன், சேர்ச்சில் இச்சொல்லைப் பயன்படுத்தியது சரியே எனப் பார்வையாளர் ஏட்டில் எழுதினார்; மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்பு இருக்கவேண்டிய இடத்தில் அடைமொழி அமர்ந்துவிட்டது.

தமிழ் எழுத்தாளரும் இத்தவறினின்று விலகியவர் அல்லர். ‘அரக்கத்தனம்’, ‘மிருகத்தனம்’, ‘காட்டுமிராண்டித்தனம்’, ‘மிலேச்சத்தனம்’ எனத் தமிழில் வழங்கும் கண்டனச் சொற்கள் யாவும் கொடுமையைப் புராணத்துக்கோ, காட்டுக்கோ, அந்நியர் நாட்டுக்கோ அனுப்பிவிடுகின்றன. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டமை பற்றிய எழுத்துக்களில் இவை மலிந்துள்ளன. அங்கு எரிந்த நூல்கள் ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலையொட்டி அங்கு பெருந்தொகையான பொலிசார் கொண்டுவரப்பட்டிருந்தனர். அவர்கள் காட்டிலிருந்து வரவில்லை. கட்டளைக்கும் சம்பளத்துக்கும் உட்பட்டு வந்தவர்கள். ‘மிலேச்சத்தனம்’ என்று எழுதியவுடன், அவர்களை அனுப்பியவர் யார், தடுக்காதிருந்தவர் யார் என்னும் வினாக்கள் தேவையற்றன போலத் தோன்றிவிடுகின்றன.

அறச்சீற்றம் ஆய்வுக்கு ஆகாது என்பது இதன் கருத்தன்று. சீற்றமற்ற எழுத்து கொடுமைக்குத் துணைபோவதும் உண்டு. சீற்றம் எச்சொல்லில் தங்குகின்றது என்பதே வினா. ‘சுட்டான்’ என்ற வினைமுற்றும், ‘1,650’ என்ற எண்ணும், கட்டளையிட்டவரின் பதவிப் பெயரும் எந்த அடைமொழியினும் கூரியவை; மறுப்பதற்கும் அரியவை. இராமநாதன் தமது நூலிலே நிகழ்ந்தவற்றை விரித்துரைத்ததன் வலிமை அதுவே. கொடுமை செய்தவர் மனிதர். அதனை இயலச் செய்தவை சட்டங்களும் கட்டளைகளும் அலுவலகங்களும். அவற்றைப் பெயர் சுட்டி எழுதிய பின்னர், அடைமொழி வேண்டுமாயின் இறுதியில் வரட்டும். அவற்றுக்குப் பதிலாக வருமாயின், அதனை எழுதுபவர் எத்துணை நல்லவராயினும், குற்றம் புரிந்த அமைப்பின் வழக்கறிஞராகவே ஆகிவிடுகின்றார்.