ரெயில் கேட்கும் ஊர், பாலத்தையும் சேர்த்துக் கேட்கட்டும்!

தேவதானப்பட்டியில் ரெயில் இல்லை. தண்டவாளம் இல்லை. ஸ்டேஷன் இல்லை. ஆகவே ரெயில்வே கேட்டும் இல்லை.

"அப்புறம் நமக்கு எதுக்குப்பா இந்தப் பேச்சு?" என்று டீக்கடை பெஞ்சில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பேச வேண்டியதற்கு இரண்டு காரணம் இருக்கிறது.

ஒன்று, தேவதானப்பட்டிக்காரர்கள் வேலைக்கும் சரக்குக்கும் போய் வருகிற தேனியில் இப்போது ரெயில் ஓடுகிறது. இரண்டு, திண்டுக்கல்லில் இருந்து தேனி வழியாக லோயர்கேம்ப் வரை ரெயில் பாதை போட வேண்டும் என்ற கோரிக்கை வெகுகாலமாக இருக்கிறது. அந்தப் பாதை இந்தப் பக்கமாக வர வேண்டும் என்பதுதான் இங்கே எல்லோருக்கும் ஆசை.

ஆசை நிறைவேறட்டும். ஆனால் ரெயில் வரும்போது அதோடு என்னென்ன வரும் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டாமா?

மறந்து போன சத்தம்

மதுரை - போடி ரெயில் பாதை 1928-ல் வந்தது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் மறுபடி போட்டார்கள். அதன்பிறகு மீட்டர்கேஜில் ஓடிக்கொண்டிருந்த ரெயிலை, அகலப் பாதையாக மாற்றப்போவதாகச் சொல்லி 2010 கடைசியில் நிறுத்தினார்கள்.

தேனிக்கு மறுபடி ரெயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன் மாதம்.

கணக்குப் பாருங்கள். 2010-ல் பிறந்த பிள்ளை ஏழாம் வகுப்புக்குப் போகிற வயது வரை சொந்த ஊரில் ரெயிலைப் பார்த்ததில்லை. ரெயில் வராத இடத்தில் ஆடு மேயும், ஆள் நடப்பான், பிள்ளைகள் விளையாடும். அது ஊர் வழக்கம். பழகிய காலை மாற்றுவது அவ்வளவு சுலபமா?

இன்னொன்று. ரெயில் நிறைய ஓடுகிற ஊரில் ஜனங்களுக்கு பயம் இருக்கும். ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவு வண்டி ஓடுகிற ஊரில்தான் ஆபத்து அதிகம். "இந்நேரத்துக்கு எந்த வண்டி வரப்போகுது?" என்ற நினைப்புதான் ஆளைக் கொல்லும்.

ஆளில்லா கேட்டின் பலிகள்

கேட் இல்லாமல், விளக்கு இல்லாமல், காவலுக்கு ஆளும் இல்லாமல் கிடந்த ரெயில்வே கிராசிங்குகள் இந்த நாட்டில் வாங்கிய உயிர்கள் கொஞ்சநஞ்சம் அல்ல.

2014 ஜூலை 24-ந்தேதி தெலுங்கானா மாநிலம் மேடக் மாவட்டம் மாசாய்பேட்டையில் பள்ளிக்கூட பஸ் மீது ரெயில் மோதியது. பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பலியானார்கள். 2018 ஏப்ரல் 26-ந்தேதி உத்தரபிரதேசம் குஷிநகரில் பள்ளி வேன் மீது மோதியது. 13 குழந்தைகள் போனார்கள். இரண்டும் ஆளில்லா கேட்.

அதற்குப் பிறகுதான் வேலை வேகமாக நடந்தது. 2019 ஜனவரி கடைசியில், அகலப் பாதையில் இனி ஒரு ஆளில்லா கேட் கூட கிடையாது என்று ரெயில்வே அறிவித்தது. சில இடத்தில் ஆள் போட்டார்கள். சில இடத்தில் பாலம் கட்டினார்கள். சில இடத்தில் வழியையே அடைத்துவிட்டார்கள்.

நல்ல காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதோடு தீர்ந்ததா?

ஆள் இருந்தும் ஆபத்து

2025 ஜூலை 8-ந்தேதி காலை கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பள்ளி வேன் கேட்டைக் கடந்தபோது விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் மோதியது. மாணவ, மாணவியர் 3 பேர் பரிதாபமாக இறந்தார்கள். அங்கே கேட் இருந்தது. கேட் கீப்பரும் இருந்தார். இருந்தும் பயனில்லை.

காரணம், அந்த கேட்டுக்கும் சிக்னலுக்கும் இணைப்பு இல்லை. இணைப்பு உள்ள இடத்தில் கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரெயிலுக்குப் பச்சை விளக்கு விழும். மனிதன் மறந்தாலும் இயந்திரம் மறக்காது. இணைப்பு இல்லாத இடத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கேட்பார், கேட் கீப்பர் "மூடியாச்சு" என்று பதில் சொல்வார். மூன்று உயிருக்கும் நடுவே நின்றது வெறும் வாய் வார்த்தை.

அதன்பிறகு எல்லா கேட்டிலும் கேமரா வைக்க ரெயில்வே மந்திரி உத்தரவிட்டார். கேமரா நடந்ததைக் காட்டும். நடக்கப்போவதைத் தடுக்குமா?

ஜனங்களே போட்ட கேட்

ரெயில்வேயை மட்டும் குறை சொன்னால் போதாது. ரெயில்வே மூடிய ஆளில்லா கேட்டை ஜனங்கள் தாங்களே திறந்து வைத்திருக்கிறார்கள். சந்தைக்குக் குறுக்கு வழி, தோட்டத்துக்குக் குறுக்கு வழி, பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழி. ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் ஒரு ஆளில்லா கேட்தான்.

அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான ரெயில்வே பாதுகாப்புக் குழு 2012-ல் அறிக்கை கொடுத்தது. தண்டவாளத்தை அத்துமீறிக் கடந்து வருடத்துக்கு சுமார் 15 ஆயிரம் பேர் சாகிறார்கள் என்று அதில் சொல்லப்பட்டது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா லெவல் கிராசிங்கையும் 5 ஆண்டில் ஒழித்துவிடுங்கள் என்றும் அந்தக் குழு சொன்னது. 5 ஆண்டு என்றார்கள். அது எப்போதோ முடிந்துவிட்டது.

"தூரத்துலதானே வருது, தாண்டிரலாம்" என்பது நம்மவர் கணக்கு. அது தப்புக் கணக்கு. 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ரெயில், கால் கிலோமீட்டர் தூரத்தை 9 நொடியில் தாண்டிவிடும். பெரிய உருவம் என்பதால் கண்ணுக்கு மெதுவாக வருவது போலத் தெரியும். டிரைவர் பிரேக் போட்டாலும் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு ஓடித்தான் நிற்கும். பஸ் போல ஒதுங்கவும் அதற்கு வழி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? காவல் இல்லாத கிராசிங்கில் டிரைவர் வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டரோ கிளீனரோ இறங்கிப்போய் இரண்டு பக்கமும் பார்த்து, முன்னால் நடந்து வண்டியை அழைத்துச் செல்ல வேண்டும். யாரும் இல்லையென்றால் டிரைவரே இறங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 131-வது பிரிவு இது. அஜாக்கிரதையாகக் கடந்தால் ரெயில்வே சட்டம் 161-வது பிரிவின்படி ஒரு வருடம் வரை ஜெயில்.

செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்டுக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைக்கிறவருக்கு இந்தப் பிரிவெல்லாம் தெரியுமா?

பாலமும் பள்ளமும்

அப்படியானால் பாலம் கட்டிவிட்டால் தீர்ந்ததா? அதிலும் ஒரு சிக்கல். மேம்பாலத்துக்குச் செலவு அதிகம் என்று பல இடத்தில் சுரங்கப்பாதை தோண்டிவிடுகிறார்கள். மழை பெய்தால் அது குளம்.

2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரெயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஒரு பெண் டாக்டர் உயிரிழந்தார். ரெயிலுக்குத் தப்பி தண்ணீரில் சாவதா? தண்ணீர் வடியாத சுரங்கப்பாதை, கேட் இல்லாத கிராசிங்கின் தம்பி. அவ்வளவுதான்.

தேவதானப்பட்டி மஞ்சளாற்றங்கரை ஊர். மலையில் மழை கொட்டினால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று இங்குள்ள விவசாயிக்குத் தெரியும். திட்டம் போடுகிற என்ஜினீயர், வரைபடத்தை விரிக்கும் முன் அவரை ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இப்போதே கேளுங்கள்

மனுக் கொடுக்கிறவர்கள் இனி இரண்டு வரி கூடுதலாக எழுதட்டும்.

ரெயில் பாதை வந்தால் மெயின் ரோட்டைக் கடக்கும் இடத்தில் மேம்பாலம் வேண்டும். கரும்பு ஏற்றிய டிராக்டர் நுழைகிற உயரத்தில், மழைநீர் வடிகிற விதத்தில் தோட்டத்துப் பாதைகளுக்கு வழி வேண்டும். தவிர்க்க முடியாமல் கேட் வைத்தால் சிக்னலோடு இணைத்த கேட்தான் வைக்க வேண்டும். பாதை போட்டு முடித்த பிறகு பாலம் கேட்டால், நிலம் எடுக்கவே பத்து வருடம் போகும். வரைபடத்தில் இருக்கும்போது கேட்டால் அது ஒரு பென்சில் கோடு.

தேனியிலும் போடியிலும் அதுவரை காத்திருக்க நேரமில்லை. குறுக்கு வழி உள்ள இடங்களில் வேலி வேண்டும், அதோடு நடைபாலமும் வேண்டும். வேலி மட்டும் போட்டால் மறுநாளே அதில் ஓட்டை விழும்.

பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. மூங்கிலணை காமாட்சியம்மன் கோவிலில் மூடிய கதவுக்குத்தான் பூஜை. கதவு திறக்கவில்லையே என்று யாரும் அங்கே அவசரப்படுவதில்லை. கைகூப்பி நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

மூடிய கதவுக்கு முன்னால் நிற்கத் தெரிந்த ஜனங்கள், ரெயில்வே கேட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்க மாட்டார்களா? அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்து யாரும் மாடி கட்டியதில்லை.